நாயனத்து நி

அந்த ஊரில் ஏழு சுரத்தில் ஒரு சுரம் நாலு மாதம் காணாமல் போயிருந்தது. இதைச் சொன்னால் அடுத்த ஊர்க்காரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும், அவனுக்கென்ன, அவன் ஊரில் ஏழும் பத்திரமாக இருக்கிறது. காணாமல் போனதை எடுத்து வைத்திருந்தது யார் என்றால் குருவம்மா, ஒளித்து வைத்த இடம் அவள் வீட்டு அரிசி டப்பா, எதற்காக எடுத்தாள் என்றால் நாலு தூக்குவாளி கழுவ அன்றைக்கு அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

குருவம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. பார்க்கிறவர்கள் அறுபது சொல்வார்கள், அவளும் மறுப்பதில்லை, மறுக்கிறதுக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. சிவகாசிக்குப் பக்கத்தில், காலண்டரும் நோட்டும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற ஒரு அச்சாபீசில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சண்முகையா அதே ஆபீசில் கட்டிங் மிஷின் ஓட்டியவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மிஷினை நிறுத்தி, கையைத் துடைத்து, டீ குடிக்கப் போன இடத்தில் வலப்பக்கம் மொத்தமாக விழுந்து, பேச்சும் போய், கட்டிலோடு ஆகிவிட்டார். பேச்சு போனதே தவிரச் சத்தம் போகவில்லை. ராத்திரி பகல் பாராமல் ஒரே சீராக ஒரு முனகல், ஏறுவதும் கிடையாது, இறங்குவதும் கிடையாது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், கோடாங்கி திருநீறு போட்டார், முனகல் இரண்டையும் வாங்கிக்கொண்டு அது பாட்டுக்கு இருந்தது. அந்த எட்டு வருஷத்தில் குருவம்மா சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கியவள் இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தூங்குவாள், உலை கொதிக்கிறதுக்குள் அடுப்பு முன்னால் தூங்குவாள், கோயிலில் அவள் கண்ணை மூடி நின்றால் என்ன பக்தி என்று மற்றவர்கள் விலகி வழிவிடுவார்கள், அவளோ நின்றவாக்கில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் விடுவார்கள். குடோன் ஓரத்தில், பேப்பர் பண்டலுக்கு நடுவில், நாலு பேர் வட்டமாக உட்காருவார்கள். குருவம்மா ஒருத்தி, இருபது வருஷமாக அவளுக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கிற ஜெபக்கனி ஒருத்தி, வாய் ஓயாத இந்திராணி, கல்யாணமாகி வருஷம் திரும்பாத மாரீஸ்வரி. சாப்பிட்ட கையோடு சீட்டு. அதுவும் சாதாரணச் சீட்டு இல்லை, வெளியூர்ப் பாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்று, பிள்ளைகள் விளையாட்டாகச் சுரம் படிக்கட்டும் என்று ஆர்டர் கொடுத்து அடித்த சீட்டு. வீணை, நாயனம், புல்லாங்குழல், ஆர்மோனியம் என்று நாலு தினுசு, தினுசுக்கு ச ரி க ம ப த நி என்று ஏழு, ஆகமொத்தம் இருபத்தெட்டு. முதல் அடியில் சிவப்பு மை ஒரு நூல் தள்ளி விழுந்து, வீணை வாசிக்கிற அம்மாவுக்கு உதடு கன்னத்துக்குப் போய்விட்டதால், அந்தத் தாளையெல்லாம் வேஸ்டில் போடச் சொல்லிவிட்டார் முதலாளி. அதிலிருந்து ஒரு கட்டை இந்திராணி பொறுக்கிச் சேர்த்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை எப்படி விளையாடுவார்களோ, இவர்களுக்குத் தெரிந்தது கழுதை ஒன்றுதான். ஒருத்தி வீணை போட்டால் எல்லோரும் வீணை போட வேண்டும். வீணை இல்லாதவள் வேறு எதையாவது போட்டு வெட்டுவாள். வெட்டு விழுந்ததும், போட்டதில் பெரிய வீணை யாருடையதோ அவள் கீழே கிடக்கிற அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கைச்சீட்டை எல்லாம் இறக்கினவள் தப்பித்தாள், கடைசிவரைக்கும் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறவள் கழுதை. கழுதை நாலு பேர் தூக்குவாளியையும் கழுவ வேண்டும். ஜெபக்கனி சர்ச்சில் பாடுகிறவள் என்பதால் அவள் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்தாள்: போடுகிற சீட்டை அதன் சுரத்தில் பாடித்தான் போட வேண்டும். ஏழிலும் பெரியது நி. அது கையில் வந்தால் அள்ளுகிறது உறுதி. அந்த நாலு நியில் ஒன்றாவது தினமும் குருவம்மா கைக்கு எப்படித்தான் வந்து சேருமோ, அவள்தான் அநேகமாக தினமும் கழுதை.

ஆடி முடிகிற சமயம், காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடந்தது. அன்றைக்கு ஆட்டத்தில் கடைசியாக மிச்சமிருந்தவர்கள் ஜெபக்கனியும் குருவம்மாவும். குருவம்மா கையில் ரெண்டே சீட்டு, அதில் ஒன்று நாயனத்து நி. தூக்குவாளிகள் நாலும் வரிசையாக இருந்தன, இந்திராணி வேறு அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள், எண்ணெய்ப் பிசுக்கு லேசில் போகாது. குருவம்மா அந்த வாளிகளைப் பார்த்தாள், குழாயடி எவ்வளவு தூரம் என்று பார்த்தாள், அழுகை வந்தது. ஒரு சீட்டைப் பாடிப் போட்டாள். இன்னொன்றை, இருமுகிற சாக்கில், ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டாள்.

“நான் இறங்கிட்டேன்” என்று ரெண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

ஜெபக்கனி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நாலு வாளியையும் அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் சங்கு ஊதியது. அடியில் ஆரம்பித்து மேலே ஏறுகிற சங்கு, ஏறிக்கொண்டே போய், ஒரு படியில் ஒன்றுமே இல்லாமல் போய், அதற்கு மேல் படியில் மறுபடி கேட்டது.

“சங்குக்கு விக்கல் எடுக்குது டோய்” என்றாள் இந்திராணி. எல்லோரும் சிரித்துவிட்டு மேசைக்குப் போனார்கள்.

சாயங்காலம் குருவம்மா வீட்டுக்குள் நுழைந்தவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. செத்துத்தான் போய்விட்டாரோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால், சண்முகையா நன்றாக முழித்துக்கொண்டு கிடக்கிறார், வாய் திறந்திருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, சத்தம் மட்டும் இல்லை. கஞ்சி கொடுத்தாள், குடித்தார். துடைத்துவிட்டாள், புரட்டிப் போட்டாள், எல்லாம் வழக்கம்போல. சீட்டை ரவிக்கையிலிருந்து எடுத்து, எங்கே வைக்கிறது என்று தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் போட்டாள். பாயை விரித்தாள். அடேயப்பா, அந்தத் தூக்கத்தை என்னவென்று சொல்ல! எட்டு வருஷத்துத் தூக்கம் மொத்தமும் வாசலில் வரிசை கட்டி நின்றிருந்தது, கதவைத் திறந்ததும் தள்ளுமுள்ளாக உள்ளே வந்துவிட்டது. பொழுது விடிந்து, வெயில் முகத்தில் அடித்து, பால்காரர் பார்த்துப் பார்த்துத் திரும்பிப் போய், ஆபீசுக்கு அரைநாள் லீவாகி, அதற்குப் பிறகுதான் எழுந்தாள். எழுந்து, தூங்கிவிட்டோமே என்று அழுதாள். அழுதுவிட்டு மறுபடி தூங்கினாள்.

இதற்குள் ஊரில் சேதி பரவிவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில், கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம் நாயனக்காரருக்குக் கன்னம் உப்புகிறது, கண் பிதுங்குகிறது, சீவாளி மாற்றிப் பார்க்கிறார், அந்த ஒரு சுரம் வருகிற இடத்தில் மட்டும் காற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் சண்டைக்கு வந்துவிட்டார். தவில்காரர் கெட்டிக்காரர், அந்தப் பள்ளம் வருகிற இடமெல்லாம் ஒரு அடி கொடுத்து ரொப்பினார். பள்ளிக்கூடத்தில் காலைப் பாட்டில் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் எச்சிலை முழுங்கிக்கொண்டு தாண்டினார்கள். பஸ் ஹாரனும் பாம்பாட்டி மகுடியும் பாதியில் நொண்டின. ஐஸ் வண்டிக்காரர் ஹாரனில் அந்த ஒரு சுரம்தான் உண்டு என்பதால், பாவம், அவர் தெருத்தெருவாக “ஐஸ்... ஐஸ்...” என்று வாயால் கத்த வேண்டியதாயிற்று. எதிர்க்கட்சிக்காரர்கள் ஆளுங்கட்சியின் அலட்சியம் என்றார்கள், ஆளுங்கட்சிக்காரர்கள் முந்தின ஆட்சியிலேயே போய்விட்டது என்றார்கள். மனுப் போனது. ஆபீசர் ஒருவர் முள் ஆடுகிற பெட்டியோடு வந்து, நாயனக்காரரை ஊதச் சொல்லி, முள்ளையும் பார்த்து, மட்டன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, இது எங்கள் துறை இல்லை என்று எழுதிவைத்துப் போனார்.

ஒரு மாதம்தான் இந்தக் கூத்தெல்லாம். அப்புறம் ஊருக்குப் பழகிப்போயிற்று. மனுசனுக்கு எதுதான் பழகாது? தவில்காரரின் அந்த ஒரு அடியைக் கணக்காக வைத்து அட்சதை போடுவது வழக்கமாகி, அந்த அடி இல்லாத வெளியூர்க் கல்யாணம் சப்பென்று இருக்கிறதென்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். தொட்டில் ஆட்டுகிறவர்கள் அந்த இடம் வந்ததும் பிள்ளையின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து ஒப்பேற்றினார்கள், பிள்ளைகளும் முத்தத்துக்குக் கன்னத்தைக் காட்டக் கற்றுக்கொண்டன. சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை ஆரம்பித்தபோது, ஜெபக்கனி இருபத்தைந்து வருஷமாகத் தனியாகப் பாடுகிற அந்த உச்சிப் பகுதி முழுக்க அந்தச் சுரத்திலேயே நிற்பதால், பாஸ்டர் அவளை இந்த வருஷம் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அவளும் சரியென்று எடுத்துக் கொடுத்தாள்.

மத்தியானச் சீட்டும் நடந்துகொண்டுதான் இருந்தது. இருபத்தேழு சீட்டில் ஒருத்திக்கு ஒன்று குறையும், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மிச்சமிருந்த மூன்று நியில் ஒன்றைப் போடும்போது வாயைத் திறந்து மூடுவார்கள், ஒன்றும் கேட்காது. இந்திராணி மட்டும், “வாயிலே ஈ போகப்போவுது, சீக்கிரம் போடு” என்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமைதியானது சண்முகையா வீடு மட்டும் இல்லை. அவர்கள் குடியிருக்கிற கம்மாய்க்கரைத் தெருவில் மொத்தம் ஆறு கட்டில். மாமனார், மாமியார், புருசன், கீழே விழுந்து இடுப்பொடிந்த அம்மா என்று ஆறு பேர் ஆறு விதமான நோவில் கிடந்தார்கள். ஆறு முனகலும் ஒரே நாளில் நின்றது. நோவுக்கென்று ஒரு சுரம் உண்டு போலிருக்கிறது, அது இந்தச் சுரம்தான் போலிருக்கிறது. குழாயடியில் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போய், சேலைத் தலைப்பை ஒழுங்காகப் போட்டு, தலையில் பூ வைத்து வர ஆரம்பித்தார்கள். மூன்றாம் வீட்டு முத்துப்பேச்சி, மாமியாரை ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவள், “மதினி, நேத்து கனாக் கண்டேன். கனா வர்ற அளவுக்குத் தூங்கி எத்தனை வருசமாச்சுன்னு தெரியுமா?” என்று குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

குருவம்மாவும் சிரித்தாள். அரிசி அளக்கும்போதெல்லாம் விரலில் அந்தச் சீட்டு தட்டும். நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பாள். இன்றைக்கு ஒருநாள் தூங்கிக்கொள்வோம் என்றும் நினைப்பாள். அப்படியே புரட்டாசி போனது, ஐப்பசி போனது.

கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலை. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து, அவருக்கு ஊட்டிவிட்டு, தானும் ரெண்டு வாய் சாப்பிட்டு, அடுப்படியில் பாயைப் போட்டுப் படுத்தாள். எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம். முன்னறைக்கு வந்தால், சண்முகையா தரையில் கிடக்கிறார். நல்ல கை தண்ணீர்ச் சொம்பைப் பார்த்து நீண்டிருக்கிறது, சொம்பு உருண்டு தண்ணீர் எல்லாம் ஓடிக் காய்ந்தும் போயிருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது, கழுத்தில் எறும்பு. விழுந்து எத்தனை நேரம் ஆயிற்றோ, யாருக்குத் தெரியும். பத்தடி தூரத்தில் அவள் படுத்திருந்தாள். அவர் கூப்பிட்டிருப்பார். கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார்.

“ஐயோ, ஏய்யா, ஏய்யா” என்று தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். எறும்பைத் தட்டினாள், துணியை நனைத்து உதட்டில் பிழிந்தாள். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. குருவம்மா அந்த வாயைப் பார்த்தாள். எட்டு வருஷமாக அந்த வாயை அவள் பார்த்ததே இல்லை. சத்தம் வந்துகொண்டே இருந்ததால் காதைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றியதே தவிர, முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது பார்த்தால் உதடு ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு விதமாகப் போகிறது. அகலமாகத் திறக்கிறது, தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். இடது ஓரம் இழுக்கிறது, என்னவென்று தெரியாமல் புரட்டிப் போட்டாள், கண்ணை மூடித் திறந்தார், அதுதான் வேண்டியிருந்தது. அப்புறம் உதடு குவிந்து குவிந்து விரிந்தது. ரெண்டு மூன்று தரம் பார்த்தபிறகுதான் பிடிபட்டது, அது அவள் பேர். இந்த மனுசன் எட்டு வருஷமாக முனகவில்லை, பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

“ச்சீ, நானும் ஒரு பொம்பளையா?” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார், சத்தமில்லாமல்.

மறுநாள் விடியற்காலை குழாயடியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சீட்டு எங்கே இருக்கிறது, எப்படி எடுத்தாள், இன்றைக்குத் திருப்பிப் போடப்போகிறாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். யாரும் ஆச்சரியப்படவில்லை, எடுத்தது இந்த ஆறு வீட்டில் ஏதாவது ஒரு வீட்டு ஆளாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்கும் தோன்றித்தான் இருந்தது. திருப்பிப் போடுகிறேன் என்றதும்தான் குடங்கள் அசையாமல் நின்றன.

“மதினி, உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன், வேண்டாம்” என்றாள் முத்துப்பேச்சி. “நாலு மாசமாத்தான் என் பிள்ளைகளை நான் அடிக்காம இருக்கேன். அதுக்கு முன்னாடி என்ன செஞ்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. தூக்கம் இல்லாத கிறுக்குல அதுகளைப் போட்டு அந்த அடி அடிச்சிருக்கேன்.”

“உங்க அத்தையும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க முத்துப்பேச்சி. வாயைப் பாரு, தெரியும்.”

“பாக்க மாட்டேன்” என்றாள் முத்துப்பேச்சி. “பாத்தா நான் எப்படித் தூங்குவேன்?”

குருவம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மத்தியானம் குடோனில், ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே சீட்டை எடுத்து நடுவில் வைத்தாள். “நான்தான் எடுத்தேன்” என்றாள்.

“தெரியும்டீ” என்றாள் இந்திராணி.

“என்ன தெரியும்?”

“நாம என்ன வேலை பாக்குறோம்? அட்டையைப் பாக்காமலே கட்டை விரல்ல நூறு நூறா எண்ணிக் கட்டுறவங்க. இருபத்தெட்டு சீட்டுக்கும் இருபத்தேழு சீட்டுக்கும் கனம் தெரியாதா? மறுநாளே மாரீஸ்வரி கையில வாங்கிட்டு என்னையப் பாத்தா. நான் கனியைப் பாத்தேன். கனி, விட்ருங்கன்னு சொல்லிட்டா.”

குருவம்மா ஜெபக்கனியைப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் பாட்டில் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவள், தெரிந்தேதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

“உன் பாட்டு போச்சே கனி.”

“பாட்டு அடுத்த வருசம் பாடிக்கிடலாம்” என்றாள் ஜெபக்கனி. “நீ தூங்குனியே. உன் மூஞ்சியைப் பாக்க எனக்கு நல்லாயிருந்துச்சு. இப்ப எதுக்கு எடுத்தாந்த?”

குருவம்மா சொன்னாள். கேட்டுவிட்டு மாரீஸ்வரி சீட்டைக் கலைத்துப் போட்டாள், இருபத்தெட்டும் சரியாக ஏழேழாக விழுந்தது, நாயனத்து நி நேரே வந்து குருவம்மா கையில் உட்கார்ந்தது. இந்தத் தரம் அவள் ஒளிக்கவில்லை. நாயனம் கேட்டு வந்த சுற்றில் வாயைத் திறந்து, “நீ...” என்று இழுத்துப் பாடிப் போட்டாள். குரல் கரகரவென்றுதான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. வெளியே ரோட்டில் ஒரு லாரி முழு ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தெருமுனையில் ஐஸ் வண்டிக்காரர் ஹாரனை ஒரு தரம் அமுக்கினார், நம்பாமல் இன்னொரு தரம் அமுக்கினார், அப்புறம் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். மாரீஸ்வரி வெட்டினாள், குருவம்மா அள்ளினாள், கழுதை ஆனாள். குழாயடிக்கு ஜெபக்கனியும் கூடவே வந்து ரெண்டு வாளியை வாங்கிக்கொண்டாள்.

ஊர் சந்தோஷப்பட்டது என்றா நினைக்கிறீர்கள்? முணுமுணுத்தது. பிள்ளைகள் முத்தம் இல்லாமல் தூங்க மாட்டோம் என்றன. தவில்காரர் பழக்கதோஷத்தில் அந்த அடியைக் கொடுத்து நாயனக்காரரிடம் திட்டு வாங்கினார். கம்மாய்க்கரைத் தெருவிலோ யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் குருவம்மா தெருவில் நடந்து வந்தபோது ஆறு வீட்டிலிருந்தும் ஆறு முனகல் கேட்டது, வாசல்களில் பெண்கள் நின்றிருந்தார்கள், ஒருத்தியும் அவளைப் பார்த்துப் பேசவில்லை. குழாயடியில் வரிசையில் அவள் குடம் கடைசிக்குப் போனது. முத்துப்பேச்சி வீட்டிலிருந்து பிள்ளைகள் அலறுகிற சத்தம் மூன்றாம் நாளே கேட்டது. குருவம்மா தன் வீட்டுச் சத்தத்துக்கு எழுந்தாள், வாயைப் பார்த்தாள், தண்ணீர் கொடுத்தாள், புரட்டிப் போட்டாள், படுத்தாள், எழுந்தாள். இப்போது முனகல் முனகலாகக் கேட்கவில்லை, பேச்சாகக் கேட்டது. அதற்காகத் தூக்கம் வந்துவிடுமா என்ன? கண்ணுக்குக் கீழே கருப்பு மறுபடி விழுந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவில் இருந்த வேப்பமரத்தடியில் ஒரு சாக்கை விரித்து, சீட்டுக்கட்டை நடுவில் வைத்து, குருவம்மா உட்கார்ந்தாள். இந்திராணியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கூட ஜெபக்கனி. அவள் வீட்டில் கட்டிலில் கிடக்கிற ஆள் யாரும் கிடையாது, தெருவும் வேறு, கூப்பிட்டதும் வந்துவிட்டாள்.

முத்துப்பேச்சி வாசலில் நின்று, “சீட்டாடக் கூப்பிடுறாங்களாம் சீட்டு! இருக்கிற எரிச்சல்ல இது ஒண்ணுதான் குறைச்சல்” என்றாள்.

“வா முத்துப்பேச்சி. ஒரே ஒரு ஆட்டம். கழுதையாகிறவ இந்த மரத்தடியில உக்காரணும். ஆறு வீட்டுக் கதவும் தொறந்திருக்கும், எங்க சத்தம் வந்தாலும் அவதான் போகணும். மத்தவங்க போய்ப் படுக்கணும். நாளைக்கு வேற ஆட்டம், வேற கழுதை.”

“நல்ல கதையா இருக்கே! எங்க அத்தையை வேற ஒருத்தி புரட்டிப் போடுறதா? ஊர் என்ன பேசும்?”

“ஊரு சுரம் போனதையே பழகிக்கிட்டது, இதைப் பழகாதா?” என்றாள் ஜெபக்கனி. “நின்னுக்கிட்டே இருந்தா கால் கடுக்கும், உக்காருத்தா.”

இடுப்பொடிந்த அம்மாவை வைத்திருந்தவள்தான் முதலில் வந்தாள். அவளுக்கு யோசிக்கிற அளவுக்குத் தெம்பில்லை. அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து இன்னொருத்தி. கடைசியாக முத்துப்பேச்சி, கோபம் குறையாமல், முந்தானையை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஏழு பேர், ஆளுக்கு நாலு சீட்டு. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆளின் வாய் எப்படி அசைந்தால் என்ன கேட்கிறது என்று சொல்ல வேண்டும் என்று குருவம்மா சட்டம் வைத்தாள். பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், முத்துப்பேச்சி உள்ளே போனவள் ரொம்ப நேரம் வரவில்லை, வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எங்க அத்தைக்குத் தலைமாட்டு ஜன்னலைத் தொறக்கணுமாம். அஞ்சு வருசமா அதைத்தான் கேட்டிருக்கு” என்றாள். சீட்டைக் கையில் எடுத்தாள்.

அன்றைக்குக் குருவம்மாவுக்கு வந்த நாலும் ச, ரி என்று சின்னச் சின்னதாக வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் முதல் ஆளாக இறங்கினாள். கை காலியானதை நம்பாமல் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். கழுதையானது முத்துப்பேச்சி. “ஆமா, எனக்குன்னுதானே வரும் எல்லாம்” என்று அந்தச் சீட்டைக் கீழே விசிறியடித்துவிட்டு, மரத்தில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

குருவம்மா வீட்டுக்குப் போனாள், கதவைத் திறந்தே வைத்தாள், சண்முகையாவின் போர்வையைச் சரிசெய்தாள், அடுப்படியில் பாயை விரித்துப் படுத்தாள். கண் சொருகுகிற நேரம் முன்னறையில் அவர் குரல் எழுந்தது, கனமாக, நீளமாக. வாசலில் செருப்புச் சத்தம். முத்துப்பேச்சி இன்னும் கோபமாகத்தான் இருந்தாள், குரலில் தெரிந்தது.

“என்னண்ணே, தண்ணியா? வாயை நல்லாத் தொறங்க, பாப்போம். ஆங், தண்ணிதான். இந்தா கொண்டாறேன்.”

குருவம்மாவின் கால் தன்னால் பாயை விட்டு இறங்கித் தரையைத் தேடியது. தேடின காலை அவள் மறுபடி இழுத்து, பாயின் மேலேயே நீட்டிக்கொண்டாள்.